ஸ்கேன் செய்த தாளை வேர்டில் திருத்துவது எப்படி: பக்க அமைப்பு கலையாமல் வேலை முடிக்க முழுமையான வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளிலும், சுற்றுவட்டாரத்தில் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருக்களிலும் தினமும் கேட்கும் கோரிக்கை ஒன்று உண்டு. "அண்ணா, இதை ஸ்கேன் பண்ணி வேர்டுல ஏத்துங்க. ரெண்டு வரி மாத்தணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்." இரண்டு வரியை மாற்றுவது சில நிமிட வேலை. மற்றதை அப்படியே வைத்திருப்பதற்குத்தான் பொறுமை வேண்டும், முறையும் வேண்டும். அந்த முறையைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க மூன்று தாள்களை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று, குடியாத்தம் பக்கம் ஒரு நெசவாளர் சங்கத்தின் துணைவிதி, 1970களில் தமிழ்த் தட்டச்சில் அடித்தது. இரண்டு, பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிட்ட ஒரு பள்ளி வினாத்தாள். மூன்று, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஒரு ஜமாத்தோ பள்ளியோ பயன்படுத்தும் கடிதத்தாள். தலைப்பில் தமிழும் உருதும் ஆங்கிலமும், கீழே ஓர் அட்டவணை. இந்த மூன்றையும் சமாளித்துவிட்டால் பெரும்பாலான தாள்களைச் சமாளிக்கலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேன் என்பது படம். அதில் 'அ' என்று ஓர் எழுத்து இருப்பது கணினிக்குத் தெரியாது. கறுப்புப் புள்ளிகள் இருப்பதுதான் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து எழுத்தாக ஊகிக்கும் மென்பொருளைத்தான் ஓ.சி.ஆர். என்கிறோம். எழுத்தை ஊகிப்பதே அதற்குச் சிரமமான வேலை. அதோடு ஓரம், பத்தி, அட்டவணை, வரி இடைவெளி எல்லாவற்றையும் ஊகிக்கச் சொன்னால், வரிக்கு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடும். திரையில் பார்க்க அசலைப் போலவே இருக்கும். ஒரு சொல்லைச் சேர்த்ததும் கீழே உள்ளதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

அதனால் என் முறை இதுதான்: எழுத்தை மட்டும் ஓ.சி.ஆரிடம் வாங்குங்கள். பக்க அமைப்பை அளவுகோல் வைத்து அளந்து நீங்களே கட்டுங்கள். இரண்டையும் சேர்த்து, அசலுக்கு ஒரு மாற்றமும் இல்லாத பிரதியை முதலில் உருவாக்குங்கள். அந்த இரண்டு வரித் திருத்தத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்யுங்கள்.

தொடங்கும் முன்: எதைத் தொடக்கூடாது

பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், பட்டா, பதிவான கிரயப் பத்திரம், மருத்துவமனை தந்த அறிக்கை ஆகியவற்றில் ஓர் எழுத்தைக்கூட மாற்றி, அசல் போலப் பயன்படுத்தக்கூடாது. அது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். பெயரில் பிழை இருந்தால் அதை வழங்கிய அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் திருத்த வேண்டும். பட்டா, சிட்டா நகலைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம். பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் பதிவுத்துறையிடமே கிடைக்கும்.

நாம் இங்கே பேசுவது உங்களுக்கோ உங்கள் சங்கத்துக்கோ பள்ளிக்கோ சொந்தமான தாள்களைப் பற்றி: துணைவிதி, வினாத்தாள், விண்ணப்பப் படிவம், அழைப்பிதழ், கடிதத்தாள், புதிய பத்திரத்துக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளும் பழைய வாசகம்.

அப்புறம், ஓ.சி.ஆர். தேவைதானா என்றும் பாருங்கள். கையில் இருப்பது பிடிஎஃப் கோப்பு என்றால், அதைத் திறந்து ஒரு வரியின் மேல் மவுஸை இழுங்கள். எழுத்து தேர்வானால் அது படம் இல்லை. நேரடியாகக் காப்பி எடுக்கலாம். காப்பி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து வருகிறதா? அது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றி ஒன்றில் அந்த எழுத்துரு முறையைச் சரியாகத் தேர்ந்து மாற்றினால், ஓ.சி.ஆரைவிடப் பல மடங்கு சுத்தமாகக் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பு டி.டி.பி. (கணினி அச்சமைப்பு) கடைகளில் அடித்த தமிழ் பெரும்பாலும் இந்தப் பழைய முறைகளில்தான் இருக்கும். அடித்துக் கொடுத்த கடை இன்னும் இருந்தால் பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: ஸ்கேன்

இங்கே மிச்சம் பிடிக்கும் நேரம் பின்னால் பல மடங்காகச் செலவாகும்.

தெளிவு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் 400. ஏ4 தாளை 300இல் ஸ்கேன் செய்தால் படம் சுமார் 2480க்கு 3508 பிக்சல் வரும். அதைவிடப் பாதியாக வந்தால் அமைப்பை மாற்றி மீண்டும் எடுங்கள். நிறத்தை 'கிரேஸ்கேல்' (சாம்பல் நிறச் சாயல்கள்) என்று வையுங்கள். 'பிளாக் அண்ட் வொயிட்' வேண்டாம். அது ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று முடிவு செய்துவிடும். மங்கலான மெய்ப்புள்ளிகள் வெள்ளையாகிக் காணாமல் போகும். 'பட்டம்' 'படடம' ஆவது பெரும்பாலும் இங்கேதான். செல்போன் ஸ்கேன் செயலிகளில் தாளைப் பளிச்சென்று காட்டும் ஃபில்டரும் இதே கேட்டைச் செய்யும். செல்போன்தான் வழி என்றால் ஃபில்டரை எடுத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில், போனின் நிழல் தாளில் விழாமல் நேர் மேலிருந்து எடுங்கள்.

தாளின் அளவையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பழைய தட்டச்சுத் தாள்களும் பத்திரத் தாள்களும் ஏ4 அளவில் இருப்பது அரிது. லீகல் தாள் 8.5 அங்குல அகலம், 14 அங்குல உயரம். ஃபுல்ஸ்கேப் சுமார் 13 அங்குல உயரம். லீகல் தாளை ஏ4 உயரத்துக்குள் அடக்கினால் எல்லாம் சுமார் 83 சதவீதமாகச் சுருங்கிவிடும். அப்புறம் நீங்கள் எடுக்கும் எந்த அளவும் பொருந்தாது. சாதாரண ஏ4 கண்ணாடி ஸ்கேனரில் லீகல் தாள் முழுதாக அடங்காது. மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு படமாக எடுக்கலாம். அல்லது தாளை உள்ளிழுக்கும் ஃபீடர் உள்ள கடையில் கொடுக்கலாம். மடிப்பில் கிழிந்த பழைய தாளை ஃபீடரில் போட விடாதீர்கள்.

படி 2: படத்தை நேராக்குதல்

ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே அட்டவணைக் கோடுகள் வரிகளோடு மோதும். ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் சாய்வைச் சரிசெய்யும், எதிரெதிர்ப் பக்கங்களைப் பிரிக்கும், ஓரத்துக் கறுப்புப் பட்டையை வெட்டும். அதில் கறை நீக்கும் வசதியை மட்டும் குறைந்த அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் மெய்ப்புள்ளியையும் கறை என்று நினைத்து நீக்கிவிடும். முடிவைக் கிரேஸ்கேலாகவே சேமியுங்கள். ஓரம் வெட்டாத முழுப் பக்கப் படம் ஒன்றைத் தனியாக வையுங்கள். அளவெடுக்கவும் அடியில் வைத்துப் பார்க்கவும் அதுதான் வேண்டும்.

படி 3: எழுத்தை எடுத்தல்

தமிழுக்கு இலவசமாக நல்ல பலன் தரும் வழிகள் இரண்டு.

ஒன்று கூகுள் டிரைவ். படத்தையோ பிடிஎஃப்பையோ ஏற்றி, வலது கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தால் எழுத்து வந்துவிடும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. தமிழை நன்றாகப் படிக்கிறது. ஆனால் அட்டவணை, பத்தி, அடிக்குறிப்பு ஆகியவை நிற்காது. நமக்கு இப்போது எழுத்து மட்டும் போதும் என்பதால் அது குறையே இல்லை.

இரண்டாவது டெசராக்ட். ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட ஓ.சி.ஆர். இது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பியல் வலை முறைக்கு மாறிய பிறகு தமிழைப் படிக்கும் திறன் தெளிவாக உயர்ந்தது. ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பை நிறுவினால் கட்டளை எதுவும் அடிக்காமல் இதைப் பயன்படுத்தலாம். மொழிப் பட்டியலில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும்.

அந்தக் கடைசி வரி முக்கியம். ஆதார் எண், நிலத்தின் சர்வே எண், நோயாளியின் விவரம் உள்ள தாளை, தேடலில் முதலில் வரும் ஏதோ ஓர் 'இலவச பிடிஎஃப் டு வேர்டு' தளத்தில் ஏற்றாதீர்கள். வேலூருக்கு மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் முழு மருத்துவக் கோப்பையும் கடையில் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்க்கிறோம். கடை நடத்துபவர்கள் அந்தத் தாள்களைக் கணினிக்குள்ளேயே கையாள்வதும், வேலை முடிந்ததும் அழித்துவிடுவதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. டெசராக்டில் வங்காள மொழியும் உண்டு.

வேர்டிலேயே பிடிஎஃப்பைத் திறக்கலாமே என்று கேட்கலாம். 2013 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. கணினியில் அடித்த ஆங்கில பிடிஎஃப்புக்கு அது சரி. ஸ்கேன் செய்த தமிழ்த் தாளுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

வினாத்தாள் போல இரண்டு பத்தி இருந்தால், ஓ.சி.ஆர். இடது பத்தியின் முதல் வரியையும் வலது பத்தியின் முதல் வரியையும் ஒரே வரியாகச் சேர்த்துவிடும். ஜிஇமேஜ்ரீடரில் இடது பத்தியைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்து அதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள், பிறகு வலதை. அட்டவணைக்கும் இதே வழிதான்: நெடுவரிசை நெடுவரிசையாக எடுங்கள்.

படி 4: எழுத்தைச் சுத்தமாக்குதல்

வந்த எழுத்தை வேர்டில் நேராக ஒட்டாதீர்கள். 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக வடிவமைப்பு இல்லாத வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். ஓ.சி.ஆர். விட்டுச்சென்ற டெக்ஸ்ட் பாக்ஸும் எழுத்துருக் குழப்பமும் அதோடு போய்விடும்.

அடுத்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பாரா முறிவு இருக்கும். கன்ட்ரோல், எச் அழுத்தி, 'மோர்' திறந்து, 'ஸ்பெஷல்' பட்டியலில் 'பாராகிராஃப் மார்க்' என்பதைப் பாருங்கள். முதலில் இரண்டு பாரா முறிவு சேர்ந்து வரும் இடத்தை எங்கும் இல்லாத ஒரு குறியாக, நான்கு நட்சத்திரக் குறி போல, மாற்றுங்கள். பிறகு ஒற்றைப் பாரா முறிவுகளை ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியில் நட்சத்திரக் குறிகளை மீண்டும் பாரா முறிவாக்குங்கள். இந்த வரிசை தவறினால் முழு ஆவணமும் ஒரே பாராவாகிவிடும்.

இனித் தமிழுக்கே உரிய பிழைகள். இவற்றைப் பட்டியலாகப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடுவது நல்லது. துணைக்காலும் 'ர'வும் மாறும்: 'காரணம்' 'கரரணம்' ஆகும். மெய்ப்புள்ளி தொலையும். 'ஔ' என்பது 'ஒள' என்று இரண்டு எழுத்தாக வரும். 'ண', 'ன', 'ள' ஒன்றுக்கொன்று இடம் மாறும். குறில் நெடில் கொம்புகள் குழம்பும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: 'கொ' என்பதன் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். பார்க்க ஒன்றுதான், ஆனால் தேடலில் ஒன்று சிக்கி மற்றது தப்பிவிடும். தேடியும் சிக்காத சொல் இருந்தால், ஆவணத்தில் உள்ள அந்தத் துண்டையே காப்பி எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, சரியாக அடித்ததை மாற்றுப் பெட்டியில் போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

பழைய தாள்களில் இன்னும் இரண்டு சங்கதிகள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1978இல். அதற்கு முந்தைய தாள்களில் ணா, றா, னா ஆகியவை சுழித்த ஒற்றை வடிவங்களாகவும், ணை, லை, ளை, னை ஆகியவை முன்பக்கம் சுழித்த ஐகாரத்தோடும் இருக்கும். அச்சகங்களில் இருந்த பழைய அச்சுகளும் தட்டச்சுகளும் அந்த ஆண்டோடு மறைந்துவிடவில்லை. சற்றுப் பிந்தைய தாளிலும் இவற்றைப் பார்க்கலாம். ஓ.சி.ஆர். இவற்றை எதை எதையோவாகப் படிக்கும். நல்ல வேளையாக ஒரே எழுத்தைப் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தவறாகப் படிக்கும். முதல் பக்கத்தைக் கையால் திருத்தும்போது எது எதுவாகிறது என்று குறித்துக்கொண்டால், மற்ற பக்கங்களைத் தேடி மாற்றும் வசதியாலேயே பாதி முடிக்கலாம். 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இரண்டாவது, பத்திரங்களில் வரும் குறிகள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. ஓ.சி.ஆர். இவற்றைச் சரியாகப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேண்டிய குறியை இந்த வரியிலிருந்தே காப்பி எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எண்களும் அப்படியே: ௧ என்ற எண் 'க' ஆகவும், ௨ 'உ' ஆகவும், ௭ 'எ' ஆகவும், ௮ 'அ' ஆகவும் வந்து நிற்கும். ஏக்கர், சென்ட், சர்வே எண், தொகை வரும் இடங்களை அசலோடு ஒவ்வோர் இலக்கமாக, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய வாசகத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்ததும் 'வேலூர் மாவட்டம்' என்று மொத்தமாக மாற்றத் தோன்றும். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. மீதி பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆக, அதே வட ஆற்காட்டில் இருந்த ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், குடியாத்தம் வேலூர் மாவட்டம். மொத்தமாக மாற்றினால் கட்டாயம் தவறும். பழைய பத்திரத்தை மேற்கோள் காட்டும் பகுதியில் பழைய பெயரை அப்படியே விடுங்கள். இன்றைய முகவரி வரும் இடத்தில் மட்டும் ஊருக்கு ஊர் பார்த்து மாற்றுங்கள். அதுவும் இப்போது வேண்டாம், படி 7இல்.

படி 5: பக்கத்தைக் கட்டுதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடுங்கள்.

அசல் தாளின் மேல் அளவுகோலை வையுங்கள். நான்கு ஓரங்களும் எத்தனை மில்லிமீட்டர், தலைப்பு மேலிருந்து எவ்வளவு கீழே, அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் எவ்வளவு அகலம் என்று குறியுங்கள். வரி இடைவெளிக்குப் பதினொரு வரிகளை எடுத்து, முதல் வரியின் அடியிலிருந்து பதினொன்றாம் வரியின் அடிவரை அளந்து பத்தால் வகுங்கள். வேர்டு இந்த அளவைப் பாயிண்டில் கேட்கும். ஒரு மில்லிமீட்டர் சுமார் 2.83 பாயிண்ட். 64 மில்லிமீட்டர் வந்தால் வரிக்கு 6.4, அதாவது 18 பாயிண்ட். தட்டச்சுத் தாளாக இருந்தால் ஓர் அங்குலத்துக்குப் பெரும்பாலும் 6 வரி, அதாவது 12 பாயிண்ட். இரட்டை இடைவெளி விட்டிருந்தால் 24.

வேர்டில் புதிய பக்கம் திறந்து, தாளின் அளவையும் ஓரங்களையும் இந்த எண்களாகவே கொடுங்கள். 'நார்மல் மார்ஜின்' போன்ற தயார் அளவுகளைத் தொடாதீர்கள். பிறகு ஸ்கேன் படத்தைப் பக்கத்தின் அடியில் விரித்துவிடுங்கள். வழி இது: 'இன்சர்ட்', 'ஹெடர்', 'எடிட் ஹெடர்' போய், முழுப் பக்கப் படத்தைச் செருகுங்கள். 'ராப் டெக்ஸ்ட்' என்பதில் 'பிஹைண்ட் டெக்ஸ்ட்' கொடுங்கள். படத்தின் இடத்தைப் பக்கத்தின் இடது விளிம்பிலிருந்து 0, மேல் விளிம்பிலிருந்து 0 என்று வைத்து, அகலத்தைத் தாளின் அகலமாக்குங்கள். நிறத்தில் 'வாஷ்அவுட்' கொடுத்தால் படம் வெளிறிவிடும். ஹெடரை மூடினால் படம் அசையாமல் அடியில் இருக்கும், படி 4இல் சுத்தமாக்கிய எழுத்தை அதன்மேல் கொண்டுவந்து ஒட்டலாம். அசலின் ஒவ்வொரு வரியும் உங்கள் வரியின் கீழே தெரியும். எழுத்து அளவு பெரிதா சிறிதா என்று கணக்கே போட வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். பக்கத்துக்குப் பக்கம் வேறு படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 'செக்‌ஷன் பிரேக்' போட்டு, ஹெடரில் 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை அணைத்துவிட்டுப் படத்தை மாற்றுங்கள். லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில் 'பேஜ் ஸ்டைல்' அமைப்பில் 'ஏரியா' பகுதியில் படத்தைப் பின்னணியாக வைத்து இதையே செய்யலாம்.

எழுத்துரு தேர்வில் ஒரு விஷயம் பலரைச் சுற்றவிடுகிறது. தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற வகையில் வேர்டு தனியாக வைத்திருக்கிறது. மேலே பட்டையில் அளவை மாற்றியும் தமிழ் மாறாமல் ஆங்கிலம் மட்டும் மாறினால், கன்ட்ரோல், டி அழுத்தி, அந்தப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுங்கள். விண்டோஸில் லதா, விஜயா, நிர்மலா யூஐ ஆகியவை ஏற்கனவே இருக்கக்கூடும். அச்சுத் தாளின் தோற்றத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் பொருத்தமாக இருக்கும், இலவசமும்கூட.

வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து, அளந்த எண்ணைக் கொடுங்கள். மிகக் குறைத்தால் 'கீ', 'டீ' போன்ற எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்படும். அப்போது எழுத்து அளவில் அரை பாயிண்ட் குறையுங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள்.

வரிக்கு வரி அசலைப் போலவே முடிய வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். "பக்கம் 4, வரி 7" என்று மேற்கோள் காட்டப்படும் ஆவணமாக இருந்தால் வேண்டும். அப்போது வரி முடிவில் ஷிஃப்ட், என்டர் அழுத்துங்கள், வெறும் என்டர் வேண்டாம். இரு பக்கமும் சீராக்கும் 'ஜஸ்டிஃபை' இருந்தால் அந்த வரிகளில் சொற்கள் விரிந்து போகக்கூடும், இடது சீராக வைத்துவிடுங்கள். மற்ற ஆவணங்களுக்கு வரி தானாக ஓடட்டும். பாராவும் பக்கமும் சரியான இடத்தில் முடிந்தால் போதும்.

துணைவிதி போன்றவற்றில் தானியங்கி எண் வரிசையை அணைத்துவிட்டு, எண்களைக் கையால் அடியுங்கள். பழைய துணைவிதியில் 7, 7-அ, 8 என்று நடுவில் சேர்த்தது இருக்கும், ஒரு விதி நீக்கப்பட்டு அதன் எண் காலியாகக் கிடக்கும். வேர்டு அதைச் 'சரிசெய்து' 1, 2, 3 என்று போட்டால், தீர்மானப் புத்தகத்தில் அந்த எண்ணைச் சொல்லி எழுதிய எல்லாமே பொருந்தாமல் போய்விடும். ஆங்கில வாசகத்தில் அடைப்புக்குறிக்குள் சி என்ற உட்பிரிவு வந்தால் வேர்டு அதைக் காப்புரிமைக் குறியாக மாற்றும் பழக்கமும் உண்டு. 'ஆட்டோகரெக்ட்' அமைப்பில் அதையும் நீக்கிவிடுங்கள்.

இடம் நகர்த்த ஸ்பேஸ் பார் வேண்டவே வேண்டாம். 'பெயர்: ........' போன்ற காலி இடங்களுக்கு ரூலரில் ஒரு டேப் நிறுத்தம் வைத்து, அதற்குப் புள்ளிக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். வினாத்தாளில் வலது ஓரத்து மதிப்பெண்ணுக்கு வலது சீர் டேப். வினாத்தாளின் இரண்டு பத்திகளுக்கு வேர்டின் 'காலம்ஸ்' வசதி போதும். இடது பத்தி முடிந்த இடத்தில் 'காலம் பிரேக்' போடுங்கள். இடமும் வலமும் எதிரெதிரே நிற்க வேண்டிய 'பொருத்துக' போன்றவற்றுக்குக் கோடில்லாத அட்டவணைதான் சரி.

அட்டவணை என்றாலே முதல் வேலை, 'டேபிள் ப்ராப்பர்டீஸ்' போய் உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக விரியும் அமைப்பை அணைப்பது. பிறகு நெடுவரிசை அகலங்களை அளந்த எண்களாகக் கொடுங்கள், வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று வையுங்கள். இனி ஒரு கட்டத்தில் நீளமான பெயரை அடித்தாலும் பக்கத்துக் கட்டம் நகராது. பெயர் கட்டத்தில் மறைந்தால் அந்தக் கட்டத்தின் எழுத்தை மட்டும் சிறிதாக்குங்கள்.

படி 6: படமாகவே இருக்க வேண்டியவை

கடிதத்தாளின் உருதுத் தலைப்பை ஓ.சி.ஆருக்குக் கொடுக்காதீர்கள். நஸ்தலீக் எழுத்து வரியில் சரிந்து ஒன்றோடொன்று பின்னி வருவது. அதைப் படிப்பது அந்த மென்பொருள்களுக்குக் கடினம், நமக்கு உருது தெரியாவிட்டால் பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியாது. 600 டிபிஐயில் அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஸ்கேன் செய்து படமாக வையுங்கள். சின்னத்துக்கும் இதே வழி. தலைப்பு முழுவதையும் மூன்று கட்டமுள்ள கோடில்லாத அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொரு படத்தையும் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்ற அமைப்பில் கட்டத்துக்குள் வைத்தால் எதுவும் நழுவாது.

முத்திரையையும் கையெழுத்தையும் வெட்டி ஒட்டக்கூடாது. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பழைய ஆவணத்தின் பிரதி என்றால் 'ஒப்பம்', 'முத்திரை' என்று எழுத்தில் குறித்தால் போதும்.

படி 7: பிரதியைச் சரிபார்த்து, அப்புறம் திருத்துதல்

அடியில் விரித்த படத்தை ஹெடரிலிருந்து நீக்குங்கள். அச்சிடும்போது 100 சதவீதம் அல்லது 'ஆக்சுவல் சைஸ்' என்று தேர்ந்து எடுங்கள்; 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் நீங்கள் அளந்ததெல்லாம் வீண். அச்சிட்ட தாளை அசலின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தலைப்பு, அட்டவணையின் மூலைகள், கடைசி வரி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அமைப்பு சரி. எழுத்துப் பிழையைத் திரையில் பார்க்காமல் தாளில் பாருங்கள், திரையில் தப்பும் மெய்ப்புள்ளி தாளில் சிக்கும்.

இந்தக் கோப்பை 'மூலப் பிரதி' என்று சேமித்து, அதற்கு மேல் தொடாதீர்கள். 'சேவ் அஸ்' கொடுத்து இன்னொரு பெயரில் திறந்துதான் அந்த இரண்டு வரியை மாற்ற வேண்டும். மாற்றி முடித்ததும் 'ரிவியூ' பகுதியில் 'கம்பேர்' கொடுத்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். நீங்கள் மாற்றிய வரிகள் மட்டும் நிறத்தில் தெரிய வேண்டும். வேறு எங்காவது ஒரு கமா நகர்ந்திருந்தாலும் அது காட்டிவிடும். சங்கத்தின் பொதுக்குழுவில் துணைவிதித் திருத்தத்தை வைக்கும்போது இந்த ஒப்பீட்டுத் தாளையே சேர்த்துக் கொடுக்கலாம். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று உறுப்பினர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

படி 8: கடைக்குக் கொண்டு போகும் முன்

வீட்டில் அழகாக இருந்த கோப்பு கடைக் கணினியில் திறந்ததும் கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துருதான். அங்கே நோட்டோ செரிஃப் தமிழ் இருக்காது. வேர்டு லதாவையோ வேறொன்றையோ போட்டுவிடும், அகலம் மாறும், வரி உடையும். அச்சுக்குப் பிடிஎஃப்பாகச் சேமித்துக் கொடுங்கள். வேர்டு கோப்பையே கொடுக்க வேண்டிய நிலை என்றால், 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பகுதியில் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கும் அமைப்பை இயக்குங்கள். லீகல் தாள் என்றால் கடையில் முன்கூட்டியே சொல்லி, பிரிண்டரின் தட்டில் அந்தத் தாள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏ4 தட்டிலிருந்து எடுத்தால் கடைசி வரிகள் விழாது, அல்லது எல்லாம் சுருங்கிவரும்.

அசல் ஸ்கேன், ஓ.சி.ஆர். தந்த வெறும் எழுத்து, மூலப் பிரதி, திருத்திய பிரதி, பிடிஎஃப் ஐந்தையும் ஒரே ஃபோல்டரில், பெயரில் தேதியோடு வையுங்கள். சங்கத்துக்குச் சொந்தமான கோப்பு என்றால் ஒரு பென் டிரைவ் சங்க அலுவலக அலமாரியிலும் இன்னொன்று செயலாளரிடமும் இருக்கட்டும்.